ஒற்றை வரிச் சான்று போதாது: நல மசோதாக்களை ஆராயும் சட்டமன்றக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர்களே, உறுப்பினர்களே,

முதியோர் ஓய்வூதியம், வேலையிழந்தோர் உதவி, மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகை, பிள்ளை வளர்ப்பு உதவி இவற்றில் ஒன்றைத் திருத்தும் மசோதா உங்கள் மேசைக்கு வரும்போது, பல நாடுகளில் கூடவே ஒரு தாளும் வருகிறது. 'இம்மசோதா மனித உரிமைகளுக்கு இணக்கமானது' என்று ஒரு வரி, கீழே அமைச்சரின் கையொப்பம். எந்த உரிமையோடு எந்தப் பிரிவை ஒப்பிட்டார்கள், யாருடைய கையில் எவ்வளவு குறையும் என்று யாராவது கணக்குப் போட்டார்களா, மறுக்கப்பட்டவர் எங்கே போய் முறையிடுவார் என்பதற்கெல்லாம் அந்தத் தாளில் பதில் இருப்பதில்லை. நீங்களும் அதை ஏற்றுக்கொண்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறீர்கள். பிறகு அதே பிரிவை ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஒரு நீதிமன்றம் செல்லாது என்கிறது. அந்த ஐந்தாறு ஆண்டுகளும் உதவித்தொகையை நம்பியிருந்தவர்களின் வாழ்நாளில் போகிறவை. இந்த வழக்கம் நிற்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

முதலில், மசோதாவை எந்தப் பட்டியலோடு ஒப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். பிரிட்டனின் 1998ஆம் ஆண்டு மனித உரிமைகள் சட்டத்தின் 19ஆம் பிரிவு, இரண்டாம் வாசிப்புக்கு, அதாவது மசோதாவின் கொள்கைமீதான அவை விவாதத்துக்கு, முன் அமைச்சர் இணக்க அறிக்கை தர வேண்டும் என்கிறது. ஆனால் அந்த ஒப்பீடு ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் உரிமைகளோடு மட்டும்தான். அந்த உடன்படிக்கையில் சமூகப் பாதுகாப்பு ஒரு தனி உரிமையாக இடம்பெறவே இல்லை. அது இருப்பது 1966இன் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 9ஆம் உறுப்பில். ஆக, ஒரு குடும்பத்தின் வருமானத்தைப் பாதியாக்கும் மசோதாவுக்குக்கூட நேர்மையாகவே இணக்கச் சான்று எழுதிவிட முடியும். ஒப்பிட வேண்டிய உரிமை அந்தப் பட்டியலில் இல்லாததால் முரண்பாடும் தென்படாது. ஆஸ்திரேலியாவின் 2011ஆம் ஆண்டு நாடாளுமன்ற ஆய்வுச் சட்டம் இதில் மேலானது. ஏழு பன்னாட்டு உடன்படிக்கைகளைப் பெயர் சொல்லி, சான்றோடு மதிப்பீட்டையும் சேர்த்தே தர வேண்டும் என்கிறது. அங்கும் ஒரு குறை உண்டு. அறிக்கையே தராவிட்டாலும் சட்டத்தின் செல்லுபடி பாதிக்கப்படாது. அப்படியிருக்க, அறிக்கை வராத மசோதாவைத் திருப்பி அனுப்பும் துணிவு உங்களிடம்தான் இருந்தாக வேண்டும்.

நல மசோதாவுக்கு ஒப்பிடு பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டியவை இவை: மேற்சொன்ன பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமை உடன்படிக்கையின் 9, 11ஆம் உறுப்புகள், குழந்தை உரிமை உடன்படிக்கையின் 26, 27, மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 28, அதோடு அவர்களின் அமைப்புகளை நெருக்கமாகக் கலந்தாலோசிக்கச் சொல்லும் 4(3), பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையின் 11, 14, குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையின் 26. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது நல உதவிக்குப் பொருந்தாது என்ற வாதத்தை ஐ.நா. மனித உரிமைக் குழு 1987 ஏப்ரலிலேயே தள்ளிவிட்டது. குழு முன் வந்த முறையீட்டில், நெதர்லாந்தின் வேலையிழப்புச் சட்டம், மணமான பெண் தானே குடும்பத்தின் சம்பாத்தியக்காரி என்று நிரூபித்தால்தான் உதவி என்றது. மணமான ஆணிடம் அந்தக் கேள்வியே இல்லை. சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியே தீர வேண்டும் என்று 26ஆம் உறுப்பு கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் இயற்றினால் அதில் பாகுபாடு இருக்கக் கூடாது என்பது குழுவின் முடிவு.

இனி மசோதாவின் வாசகத்துக்கு வருவோம். முகவுரையையும் நோக்க விளக்கத்தையும் ஓரமாக வைத்துவிட்டு வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் படித்துப் பாருங்கள். 'வழங்கப்பட வேண்டும்' என்றால் அது உரிமை. 'வழங்கலாம்' என்றால் அதிகாரியின் தயவு. பழைய சட்டத்தில் 'வேண்டும்' என்றிருந்தது புதியதில் 'லாம்' ஆகியிருந்தால், ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் ஓர் உரிமை பறிக்கப்பட்டுவிட்டது. அதே கவனம் 'விதிகளில் குறிப்பிடப்படும் அளவில்', 'அவ்வப்போது அறிவிக்கப்படும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு' போன்ற தொடர்களுக்கும் வேண்டும். தொகை எவ்வளவு, யாருக்குத் தகுதி, எத்தனை நாள் நிறுத்தலாம் என்ற மூன்றையும் விதிகளுக்குத் தள்ளிவிட்ட மசோதாவில் ஆராய எதுவும் மிச்சமில்லை. அதற்கு இணக்கச் சான்று தருவது வெற்றுக் காசோலையில் கையெழுத்திடுவதற்குச் சமம். வரைவு விதிகளை உடன் வைக்காத மசோதாவை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

தொகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான்.

எவ்வளவு இருந்தால் போதும் என்பதற்கு உலகம் முழுமைக்கும் ஒரே எண் கிடையாது. ஆனால் அந்த எண்ணை எப்படிக் கண்டடைந்தார்கள் என்பதைச் சோதிக்க முடியும். ஜெர்மனியின் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 2010 பிப்ரவரி 9 அன்று செய்தது அதைத்தான். அடிப்படை உதவித்தொகை வெளிப்படையாகவே போதாது என்று அது சொல்லவில்லை. கணக்கிட்ட முறை அரசியலமைப்புக்கு முரண் என்றது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, பெரியவரின் 345 யூரோவில் 60 விழுக்காடு, அதாவது 207 யூரோ என்று வைத்திருந்தார்கள். குழந்தைக்கு என்னென்ன தேவை என்று எந்த ஆய்வும் நடக்கவில்லை. பாடநூல், குறிப்பேடு, கணிப்பான் எதுவும் கணக்கில் வரவில்லை. குழந்தைகள் சிறிய உருவிலான பெரியவர்கள் அல்லர் என்று நீதிமன்றம் எழுதியது. இன்னொன்றையும் கவனித்தது. செலவுப் பட்டியலிலிருந்து சில விழுக்காடுகளைக் கழித்ததற்கு, அவற்றில் மென்மயிர் ஆடையும் இயந்திரமில்லா விமானமும் அடங்கும் என்று காரணம் சொல்லியிருந்தார்கள். வருமானத்தில் கடைசி ஐந்தில் ஒரு பங்கினர் அப்படிப்பட்ட பொருள்களை வாங்கினார்களா என்று யாரும் பார்க்கவில்லை. அந்த வருட இறுதிக்குள் புதிதாகக் கணக்கிட வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டது. உங்கள் குழு கேட்க வேண்டியதும் அந்தக் கணக்குத் தாளைத்தான்: எந்த ஆண்டின் செலவுக் கணக்கெடுப்பு, எந்தக் குடும்பங்கள், எதைச் சேர்த்தார்கள், எதை ஏன் கழித்தார்கள்.

அடுத்து, ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியே எடைபோடும் பழக்கம். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். மாத உதவி 100. ஒரு பிரிவு அதை மூன்றாண்டுகளுக்கு உயர்த்தாமல் நிறுத்திவைக்கிறது. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் மூன்றாண்டு முடிவில் அந்த 100இன் வாங்கும் சக்தி 84. இன்னொரு பிரிவு, சந்திப்புக்கு வரத் தவறியவருக்கு 30 விழுக்காடு தண்டக் குறைப்பு விதிக்கிறது. கையில் 70. மூன்றாவது பிரிவு, முன்பு கூடுதலாகக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி மாதம் 15 பிடிக்க அனுமதிக்கிறது. கையில் 55. அதன் உண்மை மதிப்பு 46. மூன்று பிரிவுகளுக்கும் தனித்தனியே எழுதிய விளைவு அறிக்கைகளில் 'தாக்கம் மிதமானது' என்றே இருக்கும். மூன்றும் ஒரே ஆள்மேல் விழும்போது பாதிக்குமேல் போய்விடுகிறது. ஏற்கெனவே நடப்பிலிருக்கும் வாடகை உதவி உச்சவரம்பு, கடன் பிடித்தம் போன்றவையும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். ஆகவே மசோதாவின் அடியில் ஒரு தளம் வேண்டும்: எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்தாலும் இந்தத் தொகைக்குக் கீழே போகக் கூடாது என்ற ஒரு வரி. எந்தச் சூழலிலும் விட்டுவிட முடியாத அடிப்படைகளாக ஐ.நா. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் குழு வரையறுத்தவை அவசிய மருத்துவம், தங்குமிடம், குடிநீர், கழிப்பிட வசதி, உணவு, அடிப்படைக் கல்வி ஆகியவை. தளத்தை அந்தச் செலவுகளின் கூட்டுத்தொகையில் வையுங்கள்.

உள்ளதைக் குறைக்கும் மசோதாவுக்குச் சோதனை இன்னும் கடுமையானது. அதை ஐ.நா. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் குழு 2007 நவம்பரில் ஏற்ற 19ஆம் பொதுக் கருத்துரையின் 42ஆம் பத்தி தெளிவாக எழுதியிருக்கிறது. குறைப்புக்கு நியாயமான காரணம் உண்டா? மாற்று வழிகளை முழுமையாக ஆராய்ந்தார்களா? பாதிக்கப்படுபவர்கள் அந்த ஆய்வில் உண்மையிலேயே பங்கேற்றார்களா? நேராகவோ மறைமுகமாகவோ பாகுபாடு இருக்கிறதா? நீடித்த பாதிப்பு வருமா, ஏற்கெனவே பெற்ற உரிமை நியாயமின்றிப் பறிபோகுமா, யாராவது குறைந்தபட்ச அளவுக்கும் கீழே தள்ளப்படுவார்களா? நாட்டுக்குள் சுயேச்சையான மறுஆய்வு நடந்ததா? பணமில்லை என்ற பதில் இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கு மட்டுமே பதிலாகத் தொடங்குகிறது, அதையும் முடிப்பதில்லை. சிக்கனக் காலத்தில் உரிமையைக் குறைப்பதானால் அது தற்காலிகமாக, தவிர்க்க முடியாததாக, நோக்கத்துக்கு மிஞ்சாத அளவில், பாகுபாடின்றி இருக்க வேண்டும் என்று அதே குழுவின் தலைவர் 2012 மே 16 அன்று எல்லா அரசுகளுக்கும் கடிதம் எழுதினார். வரி வழிகளையும் பரிசீலித்திருக்க வேண்டும் என்று அந்தக் கடிதம் சொல்வதை நிதித்துறை அதிகாரிகள் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும். முடிவுத் தேதி இல்லாத ஒரு குறைப்பைத் தற்காலிகம் என்று வருணிப்பதை ஏற்காதீர்கள்.

செலவு வாதத்தை எண்ணோடு கேளுங்கள் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா நல்ல பாடம். நிரந்தரமாகக் குடியேறியவர்களுக்கு முதியோர், குழந்தை உதவித்தொகை கிடையாது என்ற விலக்கை அங்குள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் 2004இல் ரத்து செய்தது. அவர்களைச் சேர்த்தால் நாட்டின் நிதி தாங்காது என்ற வாதத்துக்கு எதிரே நீதிமன்றம் கண்டது, அப்போதைய உதவித்தொகைச் செலவில் 2 விழுக்காட்டுக்கும் குறைவான உயர்வைத்தான்.

பாகுபாட்டைச் சோதிக்க, மசோதாவை ஒரு சராசரி மனிதருக்குப் பொருத்திப் பார்ப்பதில் பயனில்லை. சராசரி மனிதருக்கு எல்லாச் சட்டமும் பொருந்தும். சக்கர நாற்காலியில் இருப்பவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், கைரேகை தேய்ந்துபோன கூலித் தொழிலாளி, நிலையான முகவரி இல்லாதவர், வன்முறைக்கு அஞ்சி வீட்டைவிட்டு வந்த பெண், பேத்தியை வளர்க்கும் பாட்டி ஆகியோரைப் போல ஓர் எட்டுப் பத்து பேரை எடுத்துக்கொண்டு, விண்ணப்பம் முதல் மேல்முறையீடு வரை ஒவ்வொரு பிரிவிலும் நடத்திக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் சமூகக் குடியிருப்புகளில் கூடுதல் படுக்கையறை இருந்தால் வாடகை உதவி குறையும் என்ற விதி வந்தபோது, இந்தப் பயிற்சியை யாராவது செய்திருந்தால் 2019 அக்டோபரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கண்ட முரண்பாடு முன்பே தெரிந்திருக்கும். தாக்குதல் அச்சத்திலிருந்த பெண்ணின் வீட்டில், அவர் அங்கேயே பத்திரமாக வாழட்டும் என்று ஓர் அரசுத் திட்டம் பாதுகாப்பு அறை அமைத்துத் தந்திருந்தது. இன்னோர் அரசு விதி, வீடு பெரியது, சிறியதற்கு மாறு என்று உதவியைக் குறைத்தது. விருப்பதிகார நிதியிலிருந்து ஈடு செய்கிறோமே என்ற அரசின் பதில் நீதிமன்றத்தில் எடுபடவில்லை. விருப்பதிகார நிதி ஒவ்வொரு முறையும் விண்ணப்பித்துக் கேட்க வேண்டியது, மறுக்கப்படக் கூடியது, தீர்ந்துபோகக் கூடியது. சட்டம் உண்டாக்கும் பள்ளத்தை அதைக்கொண்டு மூடியதாகக் காட்டும் மசோதா எதையும் நம்பாதீர்கள்.

தண்டக் குறைப்புப் பிரிவுகளுக்கு ஒரு தெளிவான அளவுகோல் இருக்கிறது. வேலை தேடும் கடமையைச் செய்யத் தவறினால் 30, 60, 100 விழுக்காடு என்று ஏறிய குறைப்புகளை ஜெர்மன் நீதிமன்றம் 2019 நவம்பர் 5 அன்று ஆராய்ந்தது. 60, 100 இரண்டும் அன்று இருந்த வடிவில் மனித மாண்போடு ஒவ்வாதவை என்றது. 30 விழுக்காட்டுக்கும் நிபந்தனை உண்டு: அசாதாரணத் துன்பம் வந்தால் விலக்களிக்க வழி வேண்டும், அவர் ஒத்துழைக்கத் தொடங்கியபின்னும் மூன்று மாதம் கட்டாயமாகத் தொடரக் கூடாது. உங்கள் மசோதாவிலும் இவற்றையே பாருங்கள். அளவுக்கு மேல்வரம்பு எங்கே? துன்ப விலக்கு எங்கே? திருந்தியவருக்கு எந்த நாளிலிருந்து தொகை திரும்பும்? வீட்டிலுள்ள குழந்தையின் பங்கும் சேர்ந்து வெட்டப்படுகிறதா? குறைத்தால் வேலைக்குப் போவார்கள் என்பதற்குத் துறை என்ன சான்று வைத்திருக்கிறது?

கணினி எடுக்கும் முடிவுகளைத் தொழில்நுட்ப விவரம் என்று ஒதுக்கிவிடும் குழுக்கள் பல. ஆஸ்திரேலியாவில் 2015இல் தொடங்கிய தானியங்கிக் கடன் வசூலை எண்ணிப் பாருங்கள். வரித்துறையின் ஆண்டு வருமானத்தை 26 இருவார காலங்களுக்குச் சமமாகப் பங்கிட்டு, பெற்ற உதவியோடு ஒப்பிட்டார்கள். ஒருவர் முதல் 13 காலங்களில் தலா 2,000 சம்பாதித்து, மீதி 13இல் வேலையின்றி உதவி பெற்றார் என்று வையுங்கள். ஆண்டு வருமானம் 26,000, சராசரி 1,000. வேலையே இல்லாத காலத்திலும் 1,000 சம்பாதித்ததாகக் கணினி காட்டும், முறையாகப் பெற்ற உதவி கடனாக மாறும். பொய்யென்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில். அவர் பல ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளச் சீட்டுகளைத் தேடி அலைய வேண்டும். இந்த முறைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்பது 2019 நவம்பரில் நீதிமன்ற ஆணையில் பதிவானது. 2023 ஜூலையில் விசாரணை ஆணையம் விரிவான அறிக்கை தந்தது. நெதர்லாந்தில் மோசடி அபாயத்தைக் கணிக்கும் கணினி அமைப்புக்கான சட்டத்தையே, உள்ளே நடப்பதைச் சரிபார்க்க வழியில்லை என்பதால், ஹேக் மாவட்ட நீதிமன்றம் 2020 பிப்ரவரி 5 அன்று உரிமை மீறல் என்றது. ஆகவே மசோதாவில் 'தானியங்கி முறையில்', 'தரவு ஒப்பீட்டின் வழி' என்ற சொற்கள் வந்தால் நின்று படியுங்கள். கடனை மெய்ப்பிக்கும் பொறுப்பு துறையிடம் இருக்க வேண்டும். பாதகமான எந்த முடிவும் ஒரு மனித அதிகாரி கோப்பைப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே நடப்புக்கு வர வேண்டும். அடையாளச் சரிபார்ப்பு தோற்றால் அன்றே தொகை கிடைக்க மாற்று வழி சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். சுற்றறிக்கையில் எழுதினால், அடுத்த சுற்றறிக்கை அதை அழித்துவிடும்.

முறையீட்டுப் பிரிவு பெரும்பாலும் மசோதாவின் கடைசியில், களைத்த கண்களோடு படிக்கப்படுகிறது. அதில் இருக்க வேண்டியவை இவை: உதவியை நிறுத்தும் முன் எழுத்தில் அறிவிப்பு, காரணம், பதில் சொல்ல அவகாசம். முறையீடு முடியும்வரை தொகை தொடர்தல். தீர்ப்பவர் நிறுத்தியவரின் கீழோ மேலோ உள்ள அதிகாரியாக இல்லாமல் சுயேச்சையானவராக இருத்தல். அவருக்கும் தீர்ப்புச் சொல்ல ஒரு கெடு. முறையிட 14 நாள் கொடுத்துவிட்டு, முடிவெடுக்கக் கெடுவே வைக்காத பிரிவை ஒரு தீர்வாக எண்ண முடியாது.

கடைசி நேரத் திருத்தங்களையும் மறக்க வேண்டாம். சான்று மசோதா நுழையும்போது எழுதப்படுகிறது. இரவோடு இரவாக நுழையும் திருத்தத்துக்குப் பல இடங்களில் புதுச் சான்று தேவையில்லை. மிகக் கடுமையான பிரிவுகள் அந்த வாசல் வழியாக வர முடியும். பின்லாந்தில் நாடாளுமன்றத்தின் அரசியலமைப்புச் சட்டக் குழு சட்ட அறிஞர்களை அழைத்துக் கேட்டு மசோதாவின்மீது கருத்துச் சொல்கிறது. அது முரண் என்று சுட்டிய பிரிவு திருத்தப்பட்ட பிறகே மேலே போகிறது. ஒரு சட்டமன்றக் குழுவால் இவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

ஆகவே உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை.

பிரிவுவாரியான மதிப்பீடும் தொகைக் கணக்குத் தாளும் வரைவு விதிகளும் இல்லாமல் வரும் எந்த நல மசோதாவையும் பரிசீலனைக்கு எடுக்காதீர்கள். ஒற்றை வரிச் சான்றை, குறையைக் குறிப்பிட்டு, அமைச்சருக்கே திருப்பி அனுப்புங்கள்.

குறைப்பு எதுவாக இருந்தாலும் 19ஆம் பொதுக் கருத்துரையின் 42ஆம் பத்தியின் ஒவ்வொரு கேள்விக்கும் துறையிடம் எழுத்தில் பதில் வாங்கி, உங்கள் அறிக்கையோடு வெளியிடுங்கள். எல்லாப் பிடித்தங்களும் ஒருவர்மேல் சேர்ந்து விழுந்தால் மிஞ்சுவது எவ்வளவு என்ற கணக்கும் அதில் இருக்கட்டும்.

உதவி பெறுபவர்களையும் அவர்களின் அமைப்புகளையும் வாக்கெடுப்புக்குக் குறைந்தது 30 நாள் முன்பாக அழைத்துக் கேளுங்கள். மசோதாவின் சுருக்கம் அவர்களுடைய மொழியில், எளிய நடையில், பிரெய்லியிலும் ஒலிவடிவிலும் கிடைக்க வேண்டும். அவர்கள் சொன்னதில் எதை ஏற்றீர்கள், எதை ஏன் ஏற்கவில்லை என்று எழுதுங்கள்.

தளத்தொகை, துன்ப விலக்கு, முறையீடு முடியும்வரை தொகை தொடர்தல், மனித அதிகாரியின் கையெழுத்து ஆகிய நான்கையும் விதிகளுக்கு விடாமல் சட்டத்தின் உடலிலேயே வைக்கத் திருத்தம் கொண்டுவாருங்கள்.

கடைசி நேரத் திருத்தத்துக்கும் புது மதிப்பீடு கேளுங்கள். அதைப் படிக்க அவகாசம் தராத அமர்வில் வாக்களிக்க மறுங்கள்.

சட்டம் நடப்புக்கு வந்த 12ஆம் மாதத்தில், எத்தனை பேருக்கு மறுக்கப்பட்டது, எத்தனை பேருக்கு நிறுத்தப்பட்டது, முறையீட்டில் எத்தனை மாறின என்ற எண்களைப் பாலினம், வயது, மாற்றுத்திறன் வாரியாகத் துறை உங்கள்முன் வைக்க வேண்டும் என்று மசோதாவிலேயே ஒரு பிரிவு சேருங்கள். இப்போது உங்கள் பரிசீலனையில் இருக்கும் மசோதாவிலிருந்தே இதைத் தொடங்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நலச் சட்டங்களை வரிவரியாகப் படித்து வழக்காடும், உதவும் பணியில் உள்ளவர்கள்